எதிர் வீட்டிலிருந்து அடித்த வெயில்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், இரண்டையும் போட்டோ எடுத்துப் பார் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். நான் இரண்டையும் எடுத்தவன். திருவொற்றியூரில் பன்னிரண்டு வருஷம் கல்யாணப் போட்டோ, அதற்குப் பிறகு வீட்டுப் போட்டோ. கல்யாணப் பெண்ணிடம் கொஞ்சம் தலையைத் தூக்கும்மா என்றால் தூக்குவாள். சுவரிடம் அப்படிச் சொல்ல முடியாது. அது நின்ற இடத்தில் நிற்கும், நாம்தான் கேமராவையும் ஃபிளாஷையும் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கும், வீட்டுக்கு ஆள் தேடி அலைந்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும். செல்போனில் "நல்ல வெளிச்சமான வீடு" என்று படத்தைப் பார்த்துவிட்டு, நேரில் போய் டார்ச் அடித்துச் சமையலறையைக் கண்டுபிடித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? அந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ராயபுரம், காசிமேடு சந்துகளில் பட்டப்பகலில் டியூப் லைட் எரியும். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் ஜன்னல் மட்டும் வெள்ளை வெளேர் என்றிருக்கும், மற்றதெல்லாம் கும்மிருட்டு. ஃபிளாஷ் போட்டால் அதே அறை அரண்மனை. இப்படி அரண்மனை கட்டித்தான் நான் பிழைக்கிறேன். ஆனால் அந்த வேலையில்தான் சில மனிதர்களைப் பார்த்தேன், அவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

லாஞ்சுக்கு அடித்த பச்சை

எனக்கு வேலை தருகிறவர் ஜெயராணி அக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். காலடிப்பேட்டையில் அவர் கணவர் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறார். அதே கடையின் முன்பக்கம் ஒரு மேஜை போட்டுக்கொண்டு இவர் வீடு பார்த்துக் கொடுக்கிறார். ஆனி பிறந்த வாரம் என்னைக் கூப்பிட்டுக் காசிமேட்டு விலாசம் ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்காரர் பெயர் தேசம்மா. மீன் விற்கிறவர், கணவர் காலமாகிவிட்டார். கீழே அவர் மட்டும், மாடி எட்டு மாதமாகக் காலி. போன தையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லாமல் காலையிலிருந்து மத்தியானம் வரை அங்கேயே கிடந்திருக்கிறார். ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கும் மகன் மூர்த்தி அடித்துப் பிடித்து ஓடிவந்து, கடைசியாக ஒரு கெடு வைத்துவிட்டான். ஆடி பிறப்பதற்குள் மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தால் அம்மா இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அவனோடு ஃபிளாட்டுக்குப் போய்விட வேண்டும். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, தேசம்மாவுக்குக் கையில் இருந்தது அந்த ஆனி மாதம் மட்டும்தான்.

இருட்டு அறைக்கு முதல் பாடம், ஃபிளாஷை நேராக அடிக்காதே, மேல்தளத்தைப் பார்த்து அடி என்பது. வெளிச்சம் மேலே பட்டு அறை முழுக்கப் பரவி இறங்கும். அப்படியே அடித்தேன். படத்தைப் பார்த்தால் தரை பச்சை, சுவர் பச்சை, கதவோரம் நின்ற தேசம்மாவின் முகமும் பச்சை. அண்ணாந்து பார்த்தேன். தளம் முழுக்கப் பளபளவென்று பச்சை எனாமல். அவர் கணவர் மீன்பிடி விசைப்படகான லாஞ்சில் கடலுக்குப் போனவர். லாஞ்சுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்ட்டை வீணாக்க மனசு வராமல் வீட்டுக்கு அடித்திருக்கிறார். காசிமேட்டில் இது சகஜம். இத்தனை வருஷம் இங்கேயே சுற்றியும் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்க்கத் தோன்றாதது என் தப்பு.

வெள்ளைத் துணி இருந்தால் மேலே கட்டலாம் என்றேன். தேசம்மா கீழே போய்ப் பெட்டியிலிருந்து கணவரின் எட்டு முழ வேட்டியை எடுத்துவந்தார். நான் தயங்கினேன். அவர் தயங்கவில்லை, ஸ்டூலில் ஏறவே போனார். நான்தான் தடுத்து இறக்கினேன். ஃபேன் கொக்கியிலும் ஜன்னல் கம்பியிலும் இழுத்துக் கட்டி மறுபடி அடித்ததும் வீடு தன் நிறத்துக்கு வந்தது. பச்சைப் படத்தை அழிக்கப் போனேன். தேசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, வூட்ட எடுக்கச் சொன்னா கடலுக்கு அடில எடுத்தாமாரி கீது! இத்த அழிக்காத, எம் புள்ளைக்கு அனுப்பு. ஒங்கம்மா தண்ணிக்குள்ளயே இருந்துக்கறாளாம், ஃபிளாட்டுக்கு வரமாட்டாளாம்னு சொல்லு."

நாற்பது பாத்திரத்தில் நான்

அதே வாரம் ராயபுரத்தில் ஒரு சமையலறை. ஒரு சுவர் முழுக்க எவர்சில்வர் குடம், அண்டா, தூக்கு. ஒவ்வொன்றையும் புளி போட்டுத் தேய்த்து, பெரிசு சிறிசு பார்த்து அடுக்கி வைத்திருந்தார் அந்த வீட்டம்மா. எங்கள் தொழிலுக்குப் பரம எதிரி பளபளக்கிற பொருள்தான். பீரோ கண்ணாடி, டிவி, சாமி படம் எதுவானாலும் ஃபிளாஷ் அடித்தவனை அது காட்டிக் கொடுத்துவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பது பாத்திரத்திலும் கையில் ஒரு வெள்ளைப் பொட்டோடு நாற்பது நான், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சைஸ் தொப்பையுடன்.

பாத்திரத்தை இறக்கி வைக்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சமையலறையைப் பார்த்தார், ஃபிளாஷைப் பார்த்தார், எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தார். "அந்த லைட்ட செவுத்து பக்கம் திருப்பி அடி" என்றார். திருப்பி அடித்தேன். நான் எல்லாப் பாத்திரத்திலிருந்தும் ஒரே நொடியில் காணாமல் போனேன். இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டேன், அன்றைக்கு அவசரத்தில் மறந்தும் போயிருந்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டால், தினம் இந்தப் பாத்திரத்தில்தானே டியூப் லைட்டைப் பார்க்கிறேன் என்கிறார். அன்றைக்கு எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததற்குக் காசு கேட்காமல் விட்டது அவர் பெருந்தன்மை. பழைய படத்தை இன்னொரு முறை காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்பா, வூட்டோட சேத்து ஒன்னியும் வாடகைக்கு வுடறோமா இன்னா?"

சடையங்குப்பத்துக் கோடு

இதற்குள் தேசம்மா மாடியின் படங்களை ஜெயராணி அக்கா எல்லா வாட்ஸப் குரூப்பிலும் போட்டுவிட்டார். இரண்டு குடும்பம் வந்தது, ஹாலில் நின்று மூக்கைச் சுளித்தது, திரும்பிப் போனது. ஆனியில் பத்து நாள் போய்விட்டது. அந்தக் கவலையோடுதான் சடையங்குப்பம் போனேன்.

அங்கே வீட்டுக்காரர் கஜேந்திரன், மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சுவருக்குப் புதிதாக யானைத்தந்த நிறம் அடித்து வைத்திருந்தார். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஃபிளாஷைக் கதவோரம் வைத்து, வெளிச்சம் சுவரை ஒட்டியபடி ஓடுமாறு அடித்தேன். படத்தில் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு கோடு. வெள்ளம் வந்து நின்ற அளவு. எத்தனை கோட்டிங் அடித்தாலும் ஊறிய பூச்சு லேசாக உப்பித்தான் இருக்கும். பக்கவாட்டில் அடிக்கும் வெளிச்சம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இதற்கும் வழி இருக்கிறது. ஃபிளாஷைச் சுவருக்கு நேர் எதிரே நகர்த்தினால் கோடு மறைந்துவிடும். நைசாக நகர்த்தினேன்.

எதற்கு நகர்த்தினேன் என்று கேட்டார் கஜேந்திரன். சொன்னேன். முதல் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். வாடகைக்கு ஆள் வராமல் போய்விடுமே என்று நானே அவருக்காக வாதாடினேன். அவர் அசையவில்லை, ஃபிளாஷை மறுபடி கதவோரம் கொண்டுபோய் அவரே வைத்தார். வெள்ளம் எங்கள் தெருவுக்கே வந்ததில்லை என்று சாதிக்கிற மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். தன் வீட்டுக்குள் வந்த தண்ணீரைத் தானே ஊருக்குக் காட்டுகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

"கோடு தெரியட்டும்பா. வர்றவன் கேஸ் சிலிண்டர எம்மாம் ஒசரத்துல வெக்கணும்னு இப்பவே தெரிஞ்சிக்கட்டும்."

செத்துக் கிடந்த ஜன்னல்

காலடிப்பேட்டை திரும்பியதும் ஜெயராணி அக்கா தேசம்மா வீட்டுப் படத்தை என் முன்னால் நீட்டினார். ஹாலில் ஜன்னல் இருக்கிறது, அதில் வெளிச்சம் இல்லை. அதுதான் குறை. இதற்கும் எங்களிடம் மருந்து உண்டு. ஃபிளாஷுக்கு மஞ்சள் தாள் ஒட்டி, அதை ஜன்னலுக்கு வெளியே உயரமாக வைத்து உள்ளே பார்த்து அடித்தால் காலை வெயில் விழுந்த மாதிரியே இருக்கும், தரையில் கம்பி நிழல்கூட விழும். எத்தனையோ வீட்டுக்கு இப்படி வெயில் வரவழைத்திருக்கிறேன். ஒருநாளும் உறுத்தியதில்லை. அன்றைக்கு உறுத்தியது. கஜேந்திரன் இருக்கிற கோட்டைக் காட்டச் சொல்கிறார், நான் இல்லாத வெயிலைக் காட்டப் போகிறேன்.

தேசம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்த வெயில் நிஜமாகவே அங்கே இருந்ததாம். எதிர் வீட்டு ஏகாம்பரம் நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது மாடி எழுப்பி, அதன் பால்கனிக்குக் கூரையாகச் சந்துக்கு மேலே வரை தகர ஷீட்டும் நீட்டிவிட்டார். அன்றோடு வெயில் போனது, இரு வீட்டுக்கும் பேச்சும் போனது. சரி, பழைய வெயிலைத்தானே கூப்பிடுகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் இன்னொரு சிக்கல். சந்தின் அகலம் ஆறடி. கீழே ஸ்டாண்டு போட்டால் வெளிச்சம் கீழிருந்து மேலே போகும். எந்த ஊரிலும் வெயில் அப்படி அடிக்காது. ஃபிளாஷ் மாடியை விட உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரத்தில் இருந்தது ஒரே ஒரு இடம், ஏகாம்பரத்தின் பால்கனி. போனில் ஜெயராணி அக்காவிடம் புலம்பினேன். அவர் ஒரே வார்த்தையில் முடித்தார்:

"வெயில எடுத்தவர்ட்டயே போயி வெயிலக் கேளுங்க தம்பி, வேற யார்ட்ட கேக்கியதுக்கு?"

கையைக் காட்டினால் போதும்

ஏகாம்பரம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று தேசம்மா சொல்லிவிட்டதால் நான் மட்டும் ஏறிப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகிவிட்டது. தேசம்மா அனுப்பினாரா என்றார். இல்லை, என் வேலை என்றேன். ஆடிக் கெடுவையும் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. தையில் தேசம்மா விழுந்து கிடந்ததும் அவருக்குச் சாயங்காலம்தான் தெரிந்திருக்கிறது, ஆறடி தள்ளி இருந்தும். கையை நீட்டி ஃபிளாஷை வாங்கினார். கைப்பிடிச் சுவரில் ஸ்டாண்டு நிற்கவில்லை. நானே பிடித்துக்கொள்கிறேன் என்றார். உள்ளங்கையைக் கீழே காட்டினால் இறக்குவேன், மேலே காட்டினால் தூக்குவேன், கையை மூடினால் நிறுத்திவிடுவேன், வாயால் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். கப்பலில் சரக்கு இறக்குகிறபோது அப்படித்தானாம்.

நான் கேமராவோடு ஹால் மூலையில் நிற்க வேண்டும். அங்கிருந்து பால்கனி தெரியாது. ஜன்னலில் நின்று கை காட்ட இருந்த ஒரே ஆள் தேசம்மா. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினார். முதல் படத்தில் வெயில் சுவரில் விழுந்தது. இறக்கு என்றேன், தேசம்மா உள்ளங்கையைக் காட்டினார். இரண்டாவதில் அதிகமாக இறங்கிவிட்டது. மூன்றாவதில் கம்பி நிழல் கோணல். ஒவ்வொரு தடவையும் தேசம்மா கை காட்டிவிட்டு ஓரமாக ஒதுங்குவார், நான் அடிப்பேன், திரும்ப வருவார். அந்தப் பக்கம் ஏகாம்பரம் விரல் அசைவுக்கு விரல் அளவு நகர்த்தினார். ஐந்தாவது தடவை தேசம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஏலத்தில் மீனுக்குக் கத்துகிற குரலில், "இன்னும் கொஞ்சம் எறக்குய்யா, கை காட்டறது தெர்ல?" என்றார். நாலு வருஷத்தில் அவர் அந்த வீட்டுக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "தெரியுது, தெரியுது" என்று மேலிருந்து பதில் வந்தது.

எட்டாவது படத்தில் ஹாலின் நடுவே வெயில் வந்து உட்கார்ந்தது. தேசம்மா கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது, முந்தானையால் துடைத்துக்கொண்டு டீ போடக் கீழே போய்விட்டார். ஃபிளாஷைத் திரும்ப வாங்க ஏகாம்பரத்திடம் போனேன். அவர் பால்கனியில் நின்று எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பளிச்சுனு அடிக்கசொல்லதான் தம்பி பாத்தேன். அணைஞ்சா ஒண்ணுமே தெர்ல. இம்மாம் இருட்டாவா கீது உள்ள?"

ஏகாம்பரம் சொன்ன காரணம்

படம் போன மூன்றே நாளில் ஐந்து பேர் ஜெயராணி அக்காவைக் கூப்பிட்டார்கள். வருகிறவர்கள் ஜன்னலில் அந்த வெயிலைத் தேடுவார்களே. முதல் குடும்பம் ஞாயிறு பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. அன்று காலை எட்டு மணிக்குத் தேசம்மா போன் செய்தார். சந்தில் ஒரே சத்தம், என்னவென்று தெரியவில்லை, சீக்கிரம் வா என்றார்.

வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். ஏகாம்பரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பால்கனியிலிருந்து ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். தகர ஷீட்டுகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டப்பட்டு, யார் தலையிலும் இடிக்காமல், எந்தச் சுவரையும் உரசாமல் அந்த ஆறடிச் சந்துக்குள் இறங்கின. கடைசி ஷீட்டும் தரையைத் தொட்டது. மேலே பார்த்தால் சந்துக்கு வானம் கொஞ்சம் அகலமாகியிருந்தது. இரண்டாவது மாடியை இடிக்க முடியாது, ஆனாலும் பத்து மணி வாக்கில் ஒரு துண்டு வெயில் தேசம்மா ஹாலுக்குள் வந்தது. ஒரு மணி நேரம் இருந்தது. வருஷக்கணக்கில் பொய் வெயில் அடித்துப் பிழைத்த நான் அந்த நிஜ வெயிலில் கையை நீட்டிப் பார்த்தேன். மேலே போய் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏண்ணே இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"போட்டோல வெயில் குட்தது நானு. வர்றவன் நாளைக்கி அது எங்கன்னு கேட்டா, தெனம் இங்க நின்னு லைட்டு புட்சிகினு இருக்க முடியுமா?"

ஆனியின் கடைசி முகூர்த்தம்

பத்து மணிக்கு வந்தவர்கள் புருஷன், மனைவி, ஒரு கைக்குழந்தை. அவர் கன்டெய்னர் யார்டில் வேலை, மனைவி ரேவதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தேசம்மாவுக்கு நர்ஸ் என்றதுமே முகம் மலர்ந்துவிட்டது. ரேவதி செல்போனில் என் படத்தை வைத்துக்கொண்டு ஹாலில் நின்றார். படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். இந்த வெயில் தினமும் வருமா என்று கேட்டார். தேசம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர் பால்கனியிலிருந்து பதில் வந்தது: "பத்துலந்து பதினொண்ணு வரைக்கும் வரும்மா! மழைக்காலத்துக்கு நான் கேரண்டி இல்ல!" ரேவதி சிரித்துவிட்டார், அப்போதே முடிவாகிவிட்டது.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் மாடியில் பால் காய்ச்சினார்கள். மூர்த்தி அதிகாலையிலேயே வந்து, அம்மாவின் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தினான். இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "சரிம்மா, இங்கயே இரு" என்றான். தேசம்மா அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார். கீழே சந்தில் ஏகாம்பரம், தேசம்மா காயவைத்த கருவாடு தன் பால்கனிக்கு நேரே இருக்கிறது, இப்போது மறைக்க ஷீட்டும் இல்லை, நாற்றம் தாங்கவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தேசம்மா ஜன்னலில் நின்று பதிலுக்குச் சத்தம் போட்டார். நாலு வருஷப் பாக்கியை இருவரும் நன்றாகவே தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டைக்கு நடுவிலேயே ஒரு டம்ளர் பால் எதிர் வீட்டுக்குப் போனது. எனக்கு ரேவதி கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க போட்டோவைவிட வீடு நல்லா இருக்கு."

வீட்டைவிடப் போட்டோ நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை வருஷம் ஃபிளாஷைத் தூக்கிச் சுமந்த நான், தொழிலில் பட்ட இந்த ஒரே தோல்வியைத்தான் இன்றைக்கும் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.